கொதிகலன் அறை

மூன்றில் இரண்டு பள்ளிகளை
எனக்கு அடிவயிற்றிலிருந்தே தெரியும்.
லூயிஸ்டனில் இருபத்தோரு குளிர்காலமாக
கொதிகலன் பழுது பார்க்கிறவன் நான்.
முன்வாசல் வழியாக நுழைந்தது
இந்த நவம்பரில்தான்,
ஜனெல் இஸ்திரி போட்டுத் தந்த சட்டையில்,
மகள் ஒடீலுக்குப் பின்னால்.

ஏரிக்கரைப் பள்ளியில்
சேர்க்கை அலுவலரின் கை வெதுவெதுவென்று இருந்தது.
சுவர் முழுக்க ஒரு வரைபடம்.
போன வருடம் படித்து முடித்தவர்கள்
போய்ச் சேர்ந்த ஒவ்வொரு கல்லூரிக்கும்
ஒரு சிவப்புக் குண்டூசி.
பாஸ்டனில் ஊசிமேல் ஊசி.
எங்கள் மெய்ன் மாநிலத்தில் ஒன்றுகூட இல்லை.
ஜனெல் அங்கேயே நின்றுவிட்டாள்.
செவிலியர் படிப்பை
இரண்டாம் ஆண்டில் விட்டவள் அவள்.
விட்ட குறை
அவள் விரல்நுனியில் வந்து நின்று
பாஸ்டனைத் தொட்டது.

எனக்கோ
அந்தச் சுவருக்குப் பின்னால் ஓடும்
நீராவிக் குழாய்தான் ஞாபகம்.
எட்டு வருடம் முன்பு, பிப்ரவரியில்,
அது வெடித்த இரவு
தாளாளர் போனில் கேட்ட முதல் கேள்வி:
"பியானோ நனைந்துவிட்டதா?"
என்னோடு வந்த பையன் ஆர்ச்சிக்கு
முழங்கைவரை வெந்திருந்தது.
பியானோ நனையவில்லை என்று சொன்னேன்.
அது உண்மைதான்.

மாதா கோயில் பள்ளி வேறு மாதிரி.
அழுத்தமானியில் யாரோ
ஒரு ஜெபமாலையைத் தொங்கவிட்டிருப்பார்கள்,
முள் தெரியாது; ஒவ்வொரு முறையும்
நகர்த்திவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.
கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்டுவார்கள்,
மன்னிப்புக் கடிதத்தோடு.
தம்பியை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு
நான் பூசைக்குப் போனதில்லை.
இருந்தாலும் அந்தக் கடிதங்களை
வண்டியின் இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.
ஆய்வகத்தில் மூன்று நுண்ணோக்கிகள்.
ஒன்று பிளாஸ்டிக் பைக்குள்.
ஒடீலுக்குக் கடலைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது புதுப்பள்ளி.
மணி இல்லை, மதிப்பெண் இல்லை,
ஆசிரியரைப் பெயர்சொல்லிக் கூப்பிடலாம்.
கொதிகலனும் இல்லை,
பூமிக்கடியிலிருந்து சூடு எடுக்கிறார்களாம்.
அதனால் அதைப் பற்றி
எனக்கு ஒரு கருத்தும் இல்லை.

இரவு, சமையலறை மேசை.
விண்ணப்பத்தில் ஒரு பெட்டி:
உங்கள் குடும்பத்தின் விழுமியங்கள்,
நூற்றைம்பது சொற்களுக்குள்.
'நேர்மை, உழைப்பு' என்று எழுதி
அடித்தாள் ஜனெல்.
"எல்லாரும் இதைத்தானே எழுதுவார்கள்."
"பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று
யார் வீட்டையும் நாம் குளிரில் விட்டதில்லை,
அதை எழுது" என்றேன்.
"அதனால்தான்," என்றாள் தலை நிமிராமல்,
"உதவித்தொகைப் படிவம்
நமக்கு எட்டுப் பக்கம்."

ஏரிக்கரைக்கு இரண்டாம் முறை போனபோது
கொதிகலன் அறையைப் பார்க்க வேண்டும் என்று
ஒடீல் கேட்டாள்.
அலுவலர் சிரித்தார், பிறகு சாவியைத் தேடினார்.
பத்து நிமிடம் தேடினார்.
தீயணைப்பானுக்குப் பின்னால் தொங்கும், எனக்குத் தெரியும்.
நான் வாய் திறக்கவில்லை.
கதவு திறந்ததும்
அவள் குழாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"ஆர்ச்சி இங்கேதானா?"

திரும்பும் வழியில், பனி தூறத் தொடங்கியிருந்தது,
ஜன்னல் பக்கம் முகத்தை வைத்தபடி சொன்னாள்:
"அங்கே முப்பத்தாறு நுண்ணோக்கி இருக்கு அப்பா."
மன்னிப்புக் கேட்கிற குரல்.
வைப்பர் போய் வந்தது.
"எண்ணினாயா?" என்றேன்.
"எண்ணினேன்."

வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம்.
வண்டிக்கு டயர் வசந்தத்தில் வாங்கிக்கொள்ளலாம்.
அந்தப் பெட்டியை
கடைசியில் ஒடீலே நிரப்பினாள், பென்சிலில்:
பியானோவுக்கு முன்னால் கையைப் பார்ப்போம்.

ஜனெல் எண்ணிப் பார்த்தாள், நான்கு சொற்கள்.
மீதி நூற்று நாற்பத்தாறையும்
வெறுமையாகவே மடித்து
உறையை நாக்கால் ஈரமாக்கி
ஒட்டினாள்.