இரண்டு பத்து: அழுகை

டுலூத்தில் பனி இன்னும் விட்டபாடில்லை.
விடியற்காலை மூன்று மணி.
பாதி ஊரைச் சுரண்டி ஓரம் தள்ளிவிட்டு
ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி
எஞ்சினை அணைக்காமல்
டேஷ்போர்டு வெளிச்சத்தில் கணக்குப் போடுகிறேன்,
இளவரசிகளைப் பார்த்துவர எவ்வளவு ஆகும் என்று.

நாலு விமான டிக்கெட்.
மூன்று இரவு, நீச்சல் குளம் இல்லாத ஓட்டல்.
குளம் உள்ளதற்கு இரவுக்கு நாற்பது டாலர் கூட;
வேண்டாம், பூங்கா நீரூற்றில் நனைந்துகொள்வோம்.
கோட்டைக்குள் காலைச் சாப்பாடு:
நாலு தட்டு பான்கேக்குக்கு என் ஒரு ஷிப்ட் போய்விடும்.
இன்னும் ரெண்டு புயல் அடித்தால் சரிக்கட்டலாம்.
ஊரே வசந்தத்துக்கு வாசலைப் பார்த்திருக்க
ஓவர்டைமுக்காகப் புயல் கேட்கிற பாவி
நான் ஒருவன்தான்.

அந்த மேஜையைப் பிடித்த கதை வேறு.
அறுபது நாள் முன்பாக, ஃப்ளோரிடா நேரம் ஆறுக்குத் திறப்பார்கள்,
நமக்கு ஐந்து.
ஆறு நாலுக்குள் எல்லாம் தீர்ந்துவிடும்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தேன்.
கையுறையைக் கழற்றியும்
என் தடித்த விரல் தப்பான தேதியைத் தொட்டது.
கைசா தன் போனில் பிடித்தாள்:
பத்தே முக்கால், ஜன்னல் இல்லாத மூலை.
பிள்ளைகள் எழுந்துவிடாதபடி
சமையலறையில் இருவரும் சத்தமின்றிக் குதித்தோம்.

ஐலிக்கு ஆறு வயது. அவள் எதிலும் ஏறலாம்.
சென்யாவுக்கு நாலு.
பறக்கும் ரதத்துக்கு நாற்பது அங்குலம் வேண்டும்.
கதவு நிலையில் பென்சில் கோடு
முப்பத்தொன்பதேகாலில் நிற்கிறது.
ஞாயிறுதோறும் அளக்கிறோம். அசையவில்லை.
முடியைத் தூக்கிக் கொண்டை போடலாம் என்கிறாள் கைசா.
தடித்த காலுறை, ரெண்டு ஜோடி, என்கிறேன் நான்.
நேர்மை பற்றி இந்த வீட்டில் சொன்னதெல்லாம்
முக்கால் அங்குலத்தில் வழுக்கிக்கொண்டிருக்கிறது.

அவர்களோ இப்போதே ஒத்திகையில்.
பனிக்கால்சட்டைக்கு மேல் மஞ்சள் கவுன்,
கீழே ரப்பர் பூட்ஸ்,
குப்பைத்தொட்டிக்கு முன் மண்டியிட்டு வணக்கம்.

பிறகு நாளின் திட்டம்.
எட்டு மணி, வாசல்.
எட்டு இருபது, கண்ணாடித் தோணி.
பத்தே முக்கால், பான்கேக், கடல் இளவரசி, கையெழுத்து.
பன்னிரண்டரை, எங்காவது நிழல்.
இரண்டு பத்து, அழுகை.

"அதுக்குமா நேரம் ஒதுக்குவே?" சிரித்தாள் கைசா.
பத்தொன்பது வருஷமாய்ப் பனிச்சாலையில் ஓட்டுகிறேன்,
சறுக்கும் இடம் எனக்குத் தெரியும்.
இருபது நிமிடம் போதும்.
யார் அழுவது என்று மட்டும் எழுதவில்லை.

நேற்று சென்யா மடியில் ஏறித் தாளைப் பார்த்தாள்.
படிக்கத் தெரியாது.
கோட்டைப் படத்தில் விரலை வைத்து
"இங்க யாரு பனி அள்ளுறது?" என்றாள்.
அங்கே பனி பெய்யாது என்றேன்.
என்னை ஒரு பொய்யனைப் போல் பார்த்தாள்.
"ராத்திரி கதவு மூடிக்கிட்டா
இளவரசி எப்படி வெளிய வருவா?
உன் நம்பர் அவகிட்ட இருக்கா?"

இல்லை.

"அப்போ போறப்ப குடுத்துடணும்."

மேஜைக்கடியிலிருந்து ஐலியின் குரல்:
"அது நிஜ இளவரசி இல்ல.
சம்பளத்துக்கு வர்றவங்க."

சென்யா கொஞ்சம் யோசித்தாள்.
"அப்பாவும்தான் சம்பளத்துக்குப் போறார்."

நாங்கள் மூவரும் ஏனோ பேசவில்லை.
ஃப்ரிட்ஜ் மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

ரேடியோ கரகரக்கிறது.
மேட்டுத் தெருவில் மறுபடி மூடிவிட்டதாம்,
ரொட்டி வண்டி ஒன்று குறுக்கே நிற்கிறதாம்.
பென்சிலைக் காதில் செருகுமுன்
பத்தே முக்காலுக்கு எதிரே நுணுக்கி எழுதுகிறேன்:
நம்பர் கொடுக்க.

கியர் விழுகிறது. தகடு இறங்குகிறது.
கண்ணாடியில் மறுபடி வந்து ஒட்டுகிறது பனி.
ஒன்று வந்தாயிற்று.
இன்னும் ஒரு புயல்.