இரண்டாவது கியர்

அப்புத்தளையில் காலை ஏழு மணிக்கு
ஆறு பேரை ஏற்றினேன்.
ஐந்து பேர் டச்சுக்காரர்கள், மூக்கில் வெள்ளைக் கிரீம்.
ஆறாவது ஒரு ஜாவாக்காரி,
பெயர் வுலான்தாரி.
முன் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வழக்கமான பாடம்தான்.
இடது பக்கம் பாருங்கள், தேயிலை.
வலது பக்கம் பாருங்கள், தேயிலை.
மேகம் விலகினால் தெற்கே கடல் தெரியும்;
விலகாவிட்டால் காசு திரும்பக் கிடைக்காது.
சிரித்தார்கள்.
ஒன்பது வருசமாக இதே வளைவில்தான்
எல்லா நாட்டுக்காரர்களும் சிரிக்கிறார்கள்.

மடுவத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.
கொழுந்துக் கூடையோடு ஒரு படத்துக்கு
பவளக்கொடி இப்போது இருநூறு கேட்கிறாள்.
நியாயம்தான், சீனி விற்கிற விலைக்கு.

உச்சியில் தேத்தண்ணி குடிக்கும்போது
ஜாவாக்காரி மலையைப் பார்த்த பார்வை
அடுப்பில் வைத்த பாலைப் பார்க்கிற பார்வை.
"இது கடைசியாக எப்போது வெடித்தது?"

இல்லை மேடம், இது நெருப்பு மலை இல்லை.
கருங்கல். மிகப் பழசு.
உள்ளே எதுவும் கொதிக்கவில்லை.

அவள் நம்பவில்லை.
குனிந்து மண்ணில் உள்ளங்கையை வைத்தாள்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல.
"குளிர்கிறதே" என்றாள்,
ஏதோ குறை கண்டுபிடித்த குரலில்.

பிறகுதான் சொன்னாள்,
அவளும் என் தொழில்தானாம்.
விடியற்காலை மூன்று மணிக்கு ஜீப்,
கந்தகப் புகைக்கு வாடகை முகமூடி,
எரிமலை வாயில் சூரியோதயம்.
"உன் கடல் பகிடி நல்லது,
புகைக்கு மாற்றிச் சொல்லிக்கொள்கிறேன்."
எடுத்துக்கொள் என்றேன்.

"ஐந்தாவது நிறுத்தம் எங்கள் வீடு.
சாம்பல் மூடிய வீடு.
உருகிப்போன சோற்றுப்பானை மூடி,
சைக்கிளின் எலும்பு,
எல்லாவற்றுக்கும் நம்பர் போட்டு வைத்திருக்கிறேன்.
டிக்கட் உண்டு. பிள்ளைகளுக்குப் பாதி."

தேத்தண்ணியில் ஆடை படியும்வரை
இருவரும் பேசவில்லை.
"நீ காட்டாத இடம் எது?" என்று கேட்டாள்.
வழிகாட்டி வழிகாட்டியிடம் கேட்கும் கேள்வி.

இறங்கும் வழியில் டச்சுக்காரர்கள் தூங்கிவிட்டார்கள்.
அந்த வளைவில் இரண்டாவது கியருக்கு வந்தேன்.
இடது பக்கம் பாருங்கள் என்று சொல்லவில்லை.

இடது பக்கம் மானாப்புல்.
மலையின் தோளிலிருந்து இடுப்புவரை
ஒரே நீளத்துக்கு மானாப்புல்.
ஓரத்தில் மும்மொழியில் சிவப்புப் பலகை.
தமிழில் எழுதியவர் அவசரக்காரர்;
அபாயத்தின் கால் விட்டுப்போய்
அபயம் என்று நிற்கிறது.

இந்த மலை தீயைக் கக்காது.
ஐந்து நாள் மழையைக் குடித்துவிட்டு
ஆறாம் நாள் எழுந்து நடந்தது.
பன்னிரண்டு காம்பரா, ஒரு பீலி,
மாரியம்மன் கோயிலின் புதுத் தகரம்.
எட்டாவது காம்பரா எங்களுடையது.
அன்று நான் பண்டாரவளையில்
யாருடைய வேனுக்கோ டயர் மாற்றிக்கொண்டிருந்தேன்.

இவ்வளவையும் அவளிடம் சொல்லவில்லை.
"எட்டு" என்று மட்டும் சொன்னேன்.
அவள் பலகையைப் பார்க்கவில்லை,
கியரில் இருந்த என் கையைப் பார்த்தாள்.
போன் மடியிலேயே கிடந்தது.

"எங்கள் சாம்பலில்
மறுவருசமே கோவா நன்றாக விளைந்தது.
இங்கே?"

"புல்" என்றேன்.

ஸ்டேஷனில் இறங்கும்போது கேட்டாள்,
"டிக்கட் போடுவாயா?"
தெரியாது என்றேன்.
"நானும் நான்கு வருசம்
தெரியாது என்றுதான் சொன்னேன்" என்றாள்.
எல்ல போகிற ரயில் வந்தது.

மறுநாள் வேறு ஆறு பேர்.
கடல் பகிடிக்குச் சிரித்தார்கள்.
அந்த வளைவில் மைக்கை எடுத்தேன்,
ஊதிப் பார்த்தேன்,
வேலை செய்தது.

பின்சீட்டுப் பையன் கேட்டான்,
"ஏன் இங்கே மெதுவாகப் போகிறோம்?"

வளைவு, என்றேன்.
வளைவுதானே.