எம் புக், பக்கம் 41

நீடாமங்கலம் தாண்டி எட்டாவது கிலோமீட்டர் கல்லில்
ஜீப்பை நிறுத்தச் சொன்னேன்.
இடது பக்கம் நூற்றுப் பன்னிரண்டு குழி,
வலது பக்கம் நூற்று நான்கு.
அந்த எட்டின் இடத்தில்
ஒரு டீக்கடை, ஒரு கட்சிக் கொடிக்கம்பம்,
யாருடையது என்று யாரும் சொல்லாத வைக்கோல் போர்.

எஸ்டிமேட்டில் இருப்பது நீர்மருது.
குழி இரண்டடிக்கு இரண்டடி, ஆழமும் இரண்டடி.
வண்டல் பாதி, மக்கிய எரு கால், மணல் கால்.
காண்ட்ராக்டரின் ஆள் வேம்பையன்
டேப்பின் மறுமுனையைப் பிடித்தபடி
ஒவ்வொரு குழிக்கும் சொன்னார்
‘சரியா இருக்கு மேடம்’,
நான் எண்ணைப் படிப்பதற்கு முன்பே.

கம்பியைச் செருகினேன்.
ஒன்பதாவது அங்குலத்தில் கிராவல்
ணங் என்றது.
‘அது ரோட்டோட புத்தி மேடம்.’

பதினேழாவது கன்றை லேசாகத்தான் இழுத்தேன்.
கறுப்புப் பாலித்தீன் பையோடு வந்தது,
செருப்பைக் கழற்றாமல் பாயில் படுத்தவன்போல.
பைக்குள் வேர்
சுற்றிச் சுற்றித் தன்னையே முடிச்சிட்டிருந்தது.
‘கிழித்துவிட்டு நடச் சொல்லுங்கள்.’
‘கிழிச்சா மண்ணு உதிர்ந்துடும்.’
‘உதிராத கன்றாக வாங்கியிருக்க வேண்டும்.’
சிரித்தார்.
சிரிக்காமல் இருக்க நான் பேனாவைத் தேடினேன்.

பத்தடி கீழே வாய்க்கால்.
மேட்டூர் திறந்து இருபது நாள்,
கரை தொட்டு ஓடுகிறது.
மேலே கிராவல் மேட்டில்
வாரம் இருமுறை டேங்கர் என்கிறது பில்.
மண் வேறு சொல்கிறது.
இத்தனை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே
காயக் கற்றிருந்தன கன்றுகள்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குறுவை நடவு.
ஒருத்தி இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள்.
‘என்னம்மா எண்ணுறே?’
‘மரம்.’
‘எங்க?’

கடைசி எண்பது மீட்டரில் ஏதோ உறுத்தியது.
எல்லாம் ஒரே உயரம், ஒரே தடிமன்.
ஒன்றை உருவினேன்.
அடியில் சாய்வாக அரிவாள் வெட்டு.
வாய்க்கால் கரைப் பூவரசில்
அன்று விடியலில் கழித்த கிளைகள்.
இருபத்தாறு.
இருபத்தாறிலும் மேல்வெட்டில்
காற்றுப் படாமல் சாணி அப்பியிருந்தது.
ஏமாற்றுவதையும் யாரோ
பக்குவமாகச் செய்திருந்தார்கள்.

உருவியதைத் திரும்பச் செருகிவிட்டு
சிவப்பு மையில் எழுதினேன்:
கன்று அல்ல, குச்சி. 26. கழிக்கவும்.
அதற்கு மட்டும் வேம்பையன்
சரியா இருக்கு என்று சொல்லவில்லை.

நூற்றிருபதாம் நாள் ஆய்வு
ஐப்பசி அடைமழை விட்ட ஒரு மத்தியானம்.
நீர்மருது நூற்றுத் தொண்ணூறில்
நிற்பது முப்பத்து மூன்று.
பதினொன்றை ஆடு தின்றது.
இரண்டின் மேல் கரும்பு லாரி ஏறியது.
மற்றதெல்லாம் நின்றபடியே பட்டவை,
கூண்டும் நம்பர் தகடும் பத்திரம்.

கடைசி எண்பது மீட்டரில்
இலை.
கையகல இலை, இதயம்போல என்று சொல்வார்கள்,
எனக்கு வெற்றிலைபோலத்தான் தெரிந்தது.
இருபத்தாறில் இருபத்துநான்கு துளிர்த்து,
ஒன்றில் மஞ்சளாய் ஒரு மொட்டு வேறு.

படிவத்தில் நான்கு கட்டம்:
இனம், நட்டது, உயிருடன், பட்டது.
நடாமல் உயிரோடு இருப்பதற்கு
அரசாங்கம் கட்டம் போடவில்லை.
அங்கீகரிக்காத இனத்தை
காண்ட்ராக்டர் தன் செலவில் அகற்ற வேண்டும்,
விதி பன்னிரண்டு.

‘யார் நட்டது?’
வேம்பையன் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.
அது ஏற்கெனவே சுருண்டிருந்தது.
நகக்கண்ணில் மண்.
‘காசு குடுக்காதீங்க மேடம்.
பிடுங்க மட்டும் சொல்லாதீங்க.’

ஜீப்பின் பானெட்டில் எம் புக்கை விரித்தேன்.
இன்ஜின் சூட்டில் தாள் லேசாக நெளிந்தது.
பூவரசு, 24.
முன்பே இருந்தவை.
அளவில் சேராது.
தேதி போட்டேன். சுருக்கெழுத்து போட்டேன்.
முன்பே என்ற சொல்லில் மை கொஞ்சம் கசிந்தது.

டிரைவர் ஹாரன் அடித்தான்.
ஒன்பதாவது கல்லிலிருந்து வேறு காண்ட்ராக்டர்,
வேப்பங்கன்று.
கம்பியைத் துடைத்து
எடுத்துக்கொண்டேன்.