கூட்டல் கழித்தல்

ஜுபைல். எப்போதும் இருபத்துமூன்று டிகிரியில் ஓர் அறை.
வெப்பமானிகள் பொய் சொல்கின்றனவா என்று பார்ப்பது
என் வேலை.
ஒன்றைச் சோதிக்க இன்னொன்று,
அதைச் சோதிக்கத் தம்மாமில் ஒன்று,
அதற்கும் மேலே ஜெர்மனியில் ஒன்று இருக்கிறதாம்.
நான் பார்த்ததில்லை.

எந்தச் சான்றிதழிலும் கடைசி வரி இதுதான்:
கூட்டல் கழித்தல் அரை டிகிரி.
அது இல்லாவிட்டால் ஆடிட்டர் தாளைத் திருப்பிவிடுவார்.
தன் சந்தேகத்தின் அளவைச் சொல்லாத உண்மை
இங்கே செல்லாது.

ஐம்பதைத் தொட்டால் வேலையை நிறுத்திவிடுவார்கள் என்று
கேம்ப்பில் ஒரு பேச்சு.
ஜூலையில் மூன்று நாளாக
கேட் பலகையில் நாற்பத்தொன்பது புள்ளி ஏழு.
சாரம் கட்டும் கசாலி வந்து நின்றார்.
"நீ கையெழுத்துப் போட்ட மீட்டர்தானே,
சரியாத்தான் காட்டுதா?"

சரிதான் என்றேன்.
அரை டிகிரிக்குள் என்பதை
சொல்லத் தொடங்கி விட்டுவிட்டேன்.

அவர் கையுறையைக் கழற்றி
உள்ளங்கையை என் பிடரியில் வைத்தார்.
"இதுக்கு எவ்வளவு கூட்டல் கழித்தல்?"

பதிவேட்டில் அந்தத் தேதிக்கு நேரே
ஒரு கட்டம் காலியாகக் கிடக்கிறது.
ஆடிட்டர் இன்னும் கேட்கவில்லை.