ஏழாம் கேள்வி

டெஸ்கர் சாலை, இரண்டாம் மாடி.
மின்தூக்கி இல்லை. வியாழன் இரவு.
பகலில் நான் காப்புறுதிக் கணக்கு பார்ப்பவள்,
இங்கே மொழிபெயர்ப்பு.

ஹுய் லிங் படிவத்தைத் திருப்புகிறாள்.
ஏழாம் கேள்வி:
விருப்பப்பட்டுத்தான் வந்தீர்களா?

ஆமாம் என்றாள் புஷ்பமேரி.
சாங்கியில் இறங்கியபோது
புதுச்செருப்பு கடிக்கக் கடிக்கச்
சிரித்துக்கொண்டேதான் நடந்தாளாம்.
மேடையில் ஆட மட்டுந்தான் என்றார்களாம்.
கடவுச்சீட்டை முதலாளி வாங்கிவைத்தது
தொலையாமல் இருக்கட்டும் என்றுதானாம்.
அறையை வெளியே பூட்டியது
மூன்றாம் நாளிலிருந்து.

கட்டம் இரண்டுதான்: ஆம், இல்லை.
என் பேனா நடுவில் நின்றது.

"வந்ததுக்கு ஆமாம்.
இருந்ததுக்கு யாரும் கேக்கலியே, அக்கா."

ஆங்கிலத்தில் சொல்லி, பாதியில் நிறுத்தி,
மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.
ஹுய் லிங் கட்டங்களை விட்டுவிட்டு
ஓரத்து வெள்ளையில் எழுதினாள்,
பிறகு தாளின் முதுகிலும்.

நாளை அமைச்சில்
இந்த ஓரத்தைப் படியுங்கள் என்று
மன்றாட வேண்டும்,
முடியாவிட்டால் சண்டை.

மணி பதினொன்று.
புஷ்பமேரியின் மைலோவில் ஆடை படிந்துவிட்டது.
கதவு திறந்துதான் கிடக்கிறது.
இரண்டு முறை எழுந்துபோய்ப்
பார்த்துவிட்டு வந்தாள்.