நாற்பதாம் பக்கம்

காவலுக்கு ஆள் அனுப்பும் எங்கள் கம்பெனியின்
கம்ப்யூட்டருக்குள் எவனோ புகுந்துவிட்டான்.
இரவுப் பதிவேடெல்லாம் இப்போது
சாத்தாங்காடு டீக்கடையில்
லாரி டிரைவர்களின் செல்போனில் ஓடுகிறது.

மொத்தமும் போலி என்கிறது கம்பெனி.
மொத்தமும் நிஜம் என்கிறார்
கன்னியப்பன் மனைவியின் வக்கீல்.

நானும் வாங்கிப் பார்த்தேன்.
பக்கம் நாற்பத்தொன்று, என் கோணல் எழுத்து:
‘மணி 2.40. மழை. கேட்டுக்குக் கீழே
கறுப்பு நாய், ஐந்து குட்டி. ஒன்று அசையவில்லை.’
போலி எழுதுகிறவன்
நாய்க்குப் பிரசவம் பார்ப்பானா?

அடுத்த பக்கம்:
‘கன்னியப்பன் என்று எவரும்
அன்றிரவு உள்ளே வரவில்லை.’
கீழே என் பெயர், என் நம்பர்,
நான் போடாத கையெழுத்து.
என்னுடையதைவிட அழகாக இருந்தது.

பீடி கேட்டான். இல்லையென்றேன்.
வாளியோடு டேங்க் கழுவப் போனான்.
மணி 1.15. நான்தான் எழுதினேன்.
அது நாற்பதாம் பக்கம்.
செல்போனில்
முப்பத்தொன்பதுக்கு அப்புறம் நாற்பத்தொன்று.

சூப்பர்வைசர் ஜெயவேலு
முத்திரைத்தாள் நீட்டுகிறார்.
எல்லாம் பொய்யென்று ஒரு கையெழுத்து;
நிறுத்திவைத்த இரண்டு மாதச் சம்பளம்.

நாயும் பொய்யா சார், என்றேன்.
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பி
ரெண்டு பேருக்கும் கண் எரிந்தது.
பேனா மூடியை அவரே கழற்றிக் கொடுத்தார்.

வெளியே கண்டெய்னர் லாரி
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.
அந்தப் பேனாவோடு எழுந்து போய்
நம்பரைக் குறித்தேன்,
முதலில் உள்ளங்கையில்,
பிறகு பதிவேட்டில்.