கதவோர மஞ்சள் தாள்

காம்லூப்ஸ். வண்டிச் சந்தையில் இன்னும் ஈரம் காயவில்லை.
வாகீசன் டயரை உதைத்துப் பார்க்கிறான்.
நான் ஓட்டுநர் கதவைத் திறந்து
ஓரத்தில் ஒட்டிய மஞ்சள் தாளைப் படிக்கிறேன்:
அறுநூற்றுப் பத்து கிலோ. அதற்குமேல் ஏற்றாதே.

இதைவிடப் பெரிய பிக்கப்
எங்கள் கட்டடத்துக் கீழ்த்தளப் பார்க்கிங்கில் நுழையாது.

கூரை எழும்பும் கேம்பர், நானூற்று நாற்பது.
தண்ணீர், கேஸ், ரைஸ் குக்கர்.
அவன் எண்பது என்கிறான்;
எண்பத்தெட்டு என்று எழுதுகிறேன்.
என்னுடையதை எழுதும்போது
விற்பனைக்காரர் நாகரிகமாக மலையைப் பார்க்கிறார்.

நான்கு கிலோ தாண்டுகிறது.
சரியாக ஒரு மடக்கு நாற்காலி.
மூன்று வாங்கியிருந்தோம்.
ஆரூரன் வரமாட்டேன் என்றுவிட்டான்.
வந்தாலும் இந்த வண்டி தாங்காது, அதுவும் தெரியும்.

குக்கரை அடித்துவிட்டு
மறுபடி முதலிலிருந்து கூட்டுகிறேன்,
நாற்காலி மூன்று.